ரத்தப் பை வார்டுக்கு வந்த பிறகு
வாசகர் கேள்வி – பதில்

நோயாளிக்கு ரத்தம் ஏற்றுவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, ரத்த மாற்று மருத்துவரும் ரத்த வங்கி டெக்னீஷியனும் சேர்ந்து இங்கே பதில் தருகிறார்கள். கடிதங்களில் இருந்த மருத்துவமனைப் பெயர்களை எடுத்துவிட்டோம். 2020-இல் விதிகள் திருத்தப்பட்டபோது 'ரத்த வங்கி' என்பது 'ரத்த மையம்' ஆகிவிட்டது. ஆனாலும் ஊரில் எல்லோரும் சொல்வது ரத்த வங்கி என்றுதான். நாமும் அப்படியே சொல்வோம்.

மாமியாருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். 'பி பாசிட்டிவ்' என்று பழைய ரிப்போர்ட் கையில் இருந்தும், முதல் நாள் ஒரு ட்யூப், மறுநாள் காலை இன்னொரு ட்யூப் ரத்தம் எடுத்தார்கள். பில்லை ஏற்றத்தானே?
– ஒரு வாசகி, விழுப்புரம்

இல்லை. இரண்டாவது ட்யூப் எடுக்கும் மருத்துவமனையை நீங்கள் கொஞ்சம் கூடுதலாகவே நம்பலாம்.

தப்பான குரூப் ரத்தம் ஏறிவிட்டது என்ற செய்தியைப் படித்தால், லேபில் யாரோ குரூப்பைத் தப்பாகப் பார்த்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் தப்பு அங்கே நடப்பதில்லை. நோயாளியின் கட்டிலருகிலேயே நடந்துவிடுகிறது. பரபரப்பான வார்டில் நாலு பேருக்கு ரத்தம் எடுத்து, நாலு ட்யூபையும் ட்ரேயில் போட்டு, நர்சிங் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்து பெயர் எழுதுகிறார்கள். அங்கே இரண்டு ஸ்டிக்கர் இடம் மாறினால் போதும். 12-ஆம் கட்டில் செல்வியின் ரத்தம் 14-ஆம் கட்டில் செல்வியின் பெயரில் ரத்த வங்கிக்குப் போய்விடும்.

அதற்குப் பிறகு லேபில் எல்லாம் சரியாகத்தான் நடக்கும். நீல நிற ஆன்டி-ஏ, மஞ்சள் நிற ஆன்டி-பி, நிறமில்லாத ஆன்டி-டி ஆகியவற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எதில் பால் திரிந்ததுபோல் கட்டி தட்டுகிறது என்று பார்ப்பார்கள். பிறகு நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) குரூப் தெரிந்த செல்களோடு சேர்த்து மறுபக்கமும் சோதிப்பார்கள். கடைசியில் பையில் உள்ள செல்லையும் நோயாளியின் சீரத்தையும் கலந்து கிராஸ் மேட்ச். மூன்றும் ஒத்துப்போகும். ஏனென்றால் மூன்றுமே அதே தப்பான ட்யூபில் செய்தவை. கிராஸ் மேட்ச் பண்ணினால் தப்பே வராது என்று டாக்டர்களிலேயே சிலர் நினைக்கிறார்கள். ட்யூபில் உள்ள ரத்தம் வேறொருவருடையது என்பதைக் கிராஸ் மேட்ச் ஒருநாளும் காட்டாது.

வேறொரு நேரத்தில், முடிந்தால் வேறொரு கையால் எடுத்த இரண்டாவது ட்யூப் காட்டிக்கொடுக்கும். இரண்டிலும் குரூப் ஒன்றாக இருந்தால்தான் பை வெளியே வரும். பழைய ரிப்போர்ட்டையோ டிரைவிங் லைசென்சையோ பார்த்து எந்த ரத்த வங்கியும் பை தராது, தரவும் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தாலோ கர்ப்பமாக இருந்திருந்தாலோ உடம்பில் புது ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் பொருட்கள்) உருவாகலாம். அப்படிப்பட்டவர்களின் சாம்பிள் மூன்று நாளுக்கு மேல் செல்லாது. மறுபடி எடுத்தே ஆகவேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: ரத்தம் எடுத்தவர் ட்யூபில் பெயர், ஐ.பி. நம்பர், தேதி, நேரம் எல்லாவற்றையும் கட்டிலை விட்டு நகர்வதற்கு முன் எழுதுகிறாரா என்று பாருங்கள். "நீங்கதானே செல்வி?" என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் "ஆமாம்" என்பார். "உங்க பேர் என்ன, அப்பா பேர் என்ன?" என்று கேட்டு நோயாளியையே சொல்லவைப்பதுதான் முறை.

ரத்தம் ஏற்றும்போது கூட இருப்பவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், திருவண்ணாமலை

பை வார்டுக்கு வந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். ரத்த வங்கி ஃப்ரிட்ஜில் சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரிக்குள் இருக்கும். வெளியே எடுத்த அரை மணிக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும். நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போயிருந்தாலோ கையில் நரம்பு கிடைக்காவிட்டாலோ பையைத் திருப்பி அனுப்பிவிடுவது நல்லது. அரை மணிக்குமேல் வெளியில் இருந்த பையை ரத்த வங்கி வேறு யாருக்கும் கொடுக்காது. வார்டு ஃப்ரிட்ஜில் இன்சுலினுக்குப் பக்கத்தில் வைப்பது தவறு. அந்த ஃப்ரிட்ஜில் வெப்பநிலையைப் பதியும் கருவியும் கிடையாது, அலாரமும் கிடையாது.

ஏற்றுவதற்கு முன் இரண்டு பேர், ஒரு சிஸ்டரும் டாக்டரும் அல்லது இரண்டு சிஸ்டர்கள், கட்டிலருகே நின்று சரிபார்க்க வேண்டும். கையில் கட்டிய பட்டையிலுள்ள பெயர், ஐ.பி. நம்பர், கிராஸ் மேட்ச் சீட்டிலுள்ள பெயர், நம்பர், சீட்டிலும் பையிலும் உள்ள பை எண், குரூப், காலாவதி தேதி. ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்க்க வேண்டும். கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு மேசையில் சரிபார்த்தால் அது கணக்கில் வராது. கேஸ் ஷீட்டுக்கு ரத்தம் ஏற்றப்போவதில்லையே! பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கசிவு, கட்டி, குமிழி இருந்தாலோ, நிறம் கருத்தோ ஊதாவாகவோ இருந்தாலோ வேண்டாம்.

ட்யூபுக்கு 'பிளட் செட்' என்று தனியாக உண்டு. உள்ளே 170 முதல் 200 மைக்ரான் வடிகட்டி இருக்கும். சாதாரண குளுக்கோஸ் செட்டில் அது இருக்காது. அதே லைனில் போகலாம் என்றால் அது நார்மல் சலைன் மட்டும்தான். ரிங்கர் லேக்டேட்டிலுள்ள கால்சியம் ரத்தத்தை உறையவைத்துவிடும். குளுக்கோஸ் தண்ணீர் பட்டால் சிவப்பணு ஊதி உடையும். ஆன்டிபயாடிக் ஊசியை அந்த லைனில் தள்ளுவதும் கூடாது.

முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்ற வேண்டும். குரூப் தப்பான ரத்தம் உயிருக்கு ஆபத்தாக 30 மில்லி போதும் என்பதால்தான் இந்த நிதானம். ஏற்றுவதற்கு முன், 15 நிமிடம் கழித்து, பிறகு மணிக்கொரு தடவை, முடிந்ததும் என நாடி, பி.பி., காய்ச்சல், மூச்சு எல்லாம் பார்த்து எழுத வேண்டும். பை நாலு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மீதியிருந்தாலும் கழற்றிவிடுவார்கள். அறை வெப்பத்தில் அதற்குமேல் தொங்கினால் கிருமி பெருகும். ராத்திரி ஏற்றுவதை, அவசரம் இல்லையென்றால், நாங்கள் விரும்புவதில்லை. ஒரே சிஸ்டர் நாற்பது கட்டிலைப் பார்க்கும் வேளையில் இந்த 15 நிமிடத்தை யார் பார்ப்பது?

அப்பாவுக்கு ரத்தம் ஏறும்போது நடுக்கம் வந்தது. ஊசி போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் அதே பையைத் தொடர்ந்தார்கள். சரிதானா?
– ஒரு வாசகி, தேனி

ஊசியில் தவறில்லை. காரணம் தெரிவதற்கு முன்பே பையைத் தொடர்ந்தார்கள் என்றால் அது தவறு.

நடுக்கமும் காய்ச்சலும் பெரும்பாலும் சாதாரண எதிர்வினைதான். பையிலுள்ள வெள்ளணுக்களுக்கும் அவை விட்டுச்செல்லும் பொருட்களுக்கும் உடம்பு காட்டும் கோபம். பாராசிட்டமால் கொடுத்தால் அடங்கும். சிக்கல் என்னவென்றால், குரூப் மாறிய ரத்தமும் கிருமி கலந்த பையும் அதே நடுக்கத்தோடுதான் தொடங்கும். முதல் பத்து நிமிடத்தில் இந்த மூன்றையும் கண்ணால் பிரித்தறிய யாராலும் முடியாது. இடுப்பில் வலி, ஊசி போட்ட கையில் எரிச்சல், காரணமில்லாத பதற்றம், பி.பி. இறங்குவது, சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் வருவது எல்லாம் ஆபத்தான அறிகுறிகள். மயக்கத்தில் இருப்பவருக்கு வலி சொல்லத் தெரியாது. ஆபரேஷன் தியேட்டரில் ரத்தக்கசிவும் சிறுநீரின் நிறமும்தான் முதல் துப்பு.

செய்யவேண்டியது இதுதான். பையை உடனே நிறுத்த வேண்டும். நரம்பில் உள்ள ஊசியைக் கழற்றக்கூடாது. செட்டை மாற்றி சலைன் ஓட்ட வேண்டும். பட்டை, சீட்டு, பை மூன்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். டாக்டர் வந்து பார்த்தபின், மீதி ரத்தத்தோடு பை, செட், மறு கையிலிருந்து எடுத்த புதிய சாம்பிள், சிறுநீர் நாலையும் ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். அங்கே முதலில் பழைய சாம்பிளையும் புதியதையும் சுழற்றிப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார்கள். பழையதில் சீரம் வைக்கோல் நிறத்திலும் புதியதில் ரோஸ் நிறத்திலும் இருந்தால், சிவப்பணு உள்ளே உடைகிறது என்று அர்த்தம். பிறகு குரூப், கிராஸ் மேட்ச், சிவப்பணுவில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் பரிசோதனை எல்லாம் மறுபடி. கிருமி இருக்கிறதா என்று பையிலிருந்து கல்ச்சரும் போடுவார்கள். அதனால்தான் பையைக் குப்பையில் போடாதீர்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொள்கிறோம்.

உடம்பில் தடிப்பும் அரிப்பும் மட்டும் என்றால் கதை வேறு. நிறுத்தி, அலர்ஜி மருந்து கொடுத்து, அடங்கினால் டாக்டர் பார்வையில் அதே பையைத் தொடரலாம். மூச்சுத்திணறல் வந்தால் அது இந்தக் கணக்கில் சேராது.

இப்படி நேர்வதைப் பதிவு செய்ய 2012 டிசம்பரில் தொடங்கிய தேசிய ரத்தக் கண்காணிப்புத் திட்டம் உண்டு. நொய்டாவிலுள்ள தேசிய உயிரியல் பொருட்கள் நிறுவனம் அதை நடத்துகிறது. ரத்த வங்கிகள் அங்கே தகவல் அனுப்பலாம். குற்றம் கண்டுபிடிக்கும் இடமல்ல அது. ஆனாலும் எழுதினால் வம்பு என்று மூடிவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

எங்கள் ஊர் நர்சிங் ஹோமில் ரத்த வங்கி இல்லை. பக்கத்து டவுனில் நாங்களே வாங்கி பைக்கில் கொண்டுவந்தோம். பை சில்லென்று இருக்கிறது, வெந்நீரில் வைத்து எடுக்கலாமா?
– ஒரு வாசகர், ராமநாதபுரம்

கூடவே கூடாது. 42 டிகிரியைத் தாண்டினால் சிவப்பணு உடையத் தொடங்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் எத்தனை டிகிரி என்று யார் அளந்தார்கள்? அக்குளில் இடுக்குவது, வெயிலில் வைப்பது எல்லாம் இதே ரகம். சாதாரண வேகத்தில் ஏற்றும்போது சில்லென்ற ரத்தத்தால் ஒன்றும் ஆகாது. சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். பெரும் ரத்தப்போக்கில் பை பையாக வேகமாக ஏற்றும்போதும், பச்சிளங்குழந்தைக்கு ரத்தம் மாற்றும்போதும்தான் சூடு தேவை. அதற்கென்று பிளட் வார்மர் கருவி இருக்கிறது.

கொண்டுவரும்போது தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்துக் கொண்டுவாருங்கள். பை நேராக ஐஸில் படக்கூடாது. நடுவே துணியோ அட்டையோ வேண்டும். ஐஸில் ஒட்டிய ரத்தம் உறைந்து, இளகும்போது செல் எல்லாம் வெடித்திருக்கும். வெளியில் பார்த்தால் நல்ல பைதான். வீட்டு ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள்: ஃப்ரீசரை ஒட்டிய தட்டில் பூஜ்யம், கதவில் 12 டிகிரி. இரண்டு பை வேண்டும் என்றால் ஒன்று ஏறி முடியும் நேரம் பார்த்து அடுத்ததை வாங்குங்கள். தட்டணு (பிளேட்லெட்) பையை மட்டும் ஐஸில் வைக்கவே கூடாது. ஏன் என்று டெங்கு கேள்வியில் வருகிறது.

பரிசோதித்த ரத்தத்திலும் எச்.ஐ.வி. வருமா?
– ஒரு வாசகர், கோவை

மிக அரிது, ஆனால் வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் ஒவ்வொரு பைக்கும் ஐந்து சோதனை கட்டாயம்: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய், மலேரியா. தொற்று உடம்பில் நுழைந்ததிலிருந்து சோதனையில் தெரிவது வரை ஒரு இடைவெளி உண்டு. ஆன்டிபாடியை மட்டும் தேடும் சோதனையில் எச்.ஐ.வி. தெரிய சுமார் மூன்று வாரம் ஆகும். வைரஸின் மரபணுவையே தேடும் 'நாட்' சோதனையில் பத்துப் பதினோரு நாள். ஹெபடைடிஸ் சி-க்கு வித்தியாசம் இன்னும் பெரிது. இரண்டு மாதத்துக்குமேல் மறைந்திருப்பதை நாட் ஒன்றிரண்டு வாரத்திலேயே பிடித்துவிடும். நாட் சட்டப்படி கட்டாயமில்லை, செலவும் கூடுதல். உங்கள் மருத்துவமனைக்கு வரும் ரத்தத்தில் அது செய்யப்படுகிறதா என்று கேட்கலாம். எந்தச் சோதனையும் இடைவெளியைச் சுருக்கும், பூஜ்யமாக்காது. அதனால்தான் கொடையாளியிடம் கேட்கும் கூச்சமான கேள்விகளும் ஒரு சோதனைதான்.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நினைவிருக்கலாம். அதை இந்த இடைவெளிக் கணக்கில் சேர்க்க முடியாது. அந்தக் கொடையாளிக்குத் தொற்று இருப்பது 2016-இல் கொடுத்தபோதே ரத்த வங்கியில் தெரிந்திருந்தது. அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. தெரியாமல் மறுபடி வந்து கொடுத்தார். அந்த முறை பரிசோதனையும் தடுக்கவில்லை. அதாவது கிட் வாங்குவது பாதி வேலை. பாசிட்டிவ் என்று தெரிந்தவரைக் கூப்பிட்டு, தனியாக உட்காரவைத்துச் சொல்லி, எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவதும், அடுத்த முகாமில் அவர் பெயர் வந்தால் பதிவேடு தடுப்பதும் மீதிப் பாதி. ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் சரியான செல்போன் நம்பரை எழுதுங்கள் என்று கெஞ்சுவது இதற்காகத்தான். எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நினைத்து ரத்ததானம் செய்யாதீர்கள், அரசு ஐ.சி.டி.சி. மையங்களில் இலவசமாகப் பார்க்கலாம்.

முகம் தெரியாதவர் ரத்தத்தைவிட என் தம்பியின் ரத்தம் பாதுகாப்பானதுதானே?
– ஒரு வாசகி, மதுரை

மனசுக்கு அப்படித் தோன்றும். மருத்துவம் நேர்மாறாகச் சொல்கிறது. நெருங்கிய ரத்த உறவில் திசு அடையாளம் பாதி ஒத்துப்போவதால், பையிலுள்ள வெள்ளணுக்களை உங்கள் உடம்பு அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே பெருகி உங்கள் தோல், ஈரல், குடல், எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். உறவினர் ரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்றால் பையைக் காமா கதிரில், சுமார் 25 கிரே, காட்டியபின் ஏற்ற வேண்டும். அந்த வசதி பெரிய மையங்களில்தான் உண்டு.

அதோடு, குடும்பமே சுற்றி நிற்கும்போது தனக்கு மஞ்சள் காமாலை வந்ததையோ வேறு பழக்கத்தையோ தம்பி வாய்விட்டுச் சொல்வாரா? தானாக முன்வந்து அடிக்கடி கொடுப்பவரின் ரத்தமே பாதுகாப்பானது. காசுக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் கொடுத்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்ததும் இதே காரணத்தால்தான். தம்பியை யாரோ ஒருவருக்காகக் கொடுக்கச் சொல்லுங்கள். 18 வயது, 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும்.

மகனுக்கு டெங்கு. பிளேட்லெட் 35,000. ஏற்றச் சொல்லியும் டாக்டர் மறுக்கிறார்.
– ஒரு வாசகர், திருச்சி

உங்கள் டாக்டர் சரியாகச் செய்கிறார். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000-க்குக் கீழே போனால்தான் பொதுவாக யோசிப்பார்கள். டெங்குவில் ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அல்ல. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து பி.பி. இறங்குவது. ஆகவே பிளேட்லெட் எண்ணோடு பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறுகிறதா என்றும் கேளுங்கள். காய்ச்சல் விட்ட அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் கவனிக்கவேண்டிய கட்டம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, சோர்ந்து தூங்குவது, சிறுநீர் குறைவது, எங்காவது ரத்தம் கசிவது, இவற்றில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். தேவையில்லாமல் ஏற்றும் பை, கசிவு நேரத்தில் நுரையீரலில் நீர் சேர்க்கும்.

தேவைப்பட்டு ஏற்றினால் ஒரு விஷயம். தட்டணுப் பை 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் ஐந்து நாள் இருக்கும். குளிரில் தட்டணு உருமாறி, ஏற்றியவுடன் உடம்பிலிருந்து மறைந்துவிடும். அதனால் வந்தவுடன் ஏற்ற வேண்டும், ஃப்ரிட்ஜுக்குப் போகக்கூடாது. நல்ல பையா என்று கண்ணாலேயே பார்க்கலாம்: வெளிச்சத்துக்கு நேரே பிடித்து லேசாக அசைத்தால், உள்ளே ஊதுபத்திப் புகைபோல் மினுமினுத்துச் சுழலும். அந்தச் சுழல் இல்லாமல் வெறும் மஞ்சள் தண்ணீராக அசைந்தால் ரத்த வங்கிக்குப் போன் போடச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8. ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பு வருமே?
– ஒரு வாசகி, சேலம்

தெம்புக்காக ரத்தம் ஏற்றுவது பழைய பழக்கம். நிலையாக இருப்பவருக்கு 7-க்குக் கீழே, இதய நோய் இருந்தால் 8 அளவில் என்பதுதான் இன்றைய வரையறை. ஒரு பை ஏற்றினால் சுமார் 1 கிராம் கூடும். இரும்புச்சத்துக் குறைவு என்றால் மாத்திரையோ இரும்புச்சத்து ட்ரிப்போ அதே வேலையைச் சில வாரத்தில் செய்துவிடும். வயதானவர்களுக்கு, குறிப்பாக இதயமும் கிட்னியும் பலவீனமானவர்களுக்கு, இரண்டு பையை அடுத்தடுத்து ஏற்றினால் ராத்திரி மூச்சுத்திணறலில் போய் முடியும். ஒரு பை, பிறகு பரிசோதனை, பிறகு முடிவு.

எப்போதும் 'ஓ பாசிட்டிவ்' என்றார்கள். இப்போது எந்த ஓ ரத்தமும் சேரவில்லை, 'பாம்பே குரூப்' என்கிறார்கள். முன்பு பார்த்தவர்கள் தப்பா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

தப்பு என்பதைவிடப் பாதிச் சோதனை என்று சொல்லலாம். ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான 'எச்' என்ற பொருளே உங்கள் செல்லில் இல்லை. ஆன்டி-ஏ, ஆன்டி-பி இரண்டிலும் கட்டி தட்டாது என்பதால் ஓ போலத் தெரியும். ஓ செல்லில் எச் நிறைய உண்டு, உங்கள் சீரத்தில் அதற்கு எதிர்ப்பு உண்டு. ஆகவே எந்த ஓ பையும் பொருந்தாது. மறுபக்கச் சோதனையில் ஓ செல்லையும் சேர்த்துப் பார்த்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். 1952-இல் பம்பாயில் மருத்துவர் பேண்டேயின் குழு கண்டறிந்து வெளியிட்டதால் இந்தப் பெயர். உடன்பிறந்தவர்களையெல்லாம் சோதியுங்கள், நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. கிடைத்தால் அந்தப் பையைக் கதிரில் காட்டிய பிறகே ஏற்ற வேண்டும். குரூப்பை எழுதி பர்ஸில் வையுங்கள்; தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் என்றால் உங்கள் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஒரு பைக்கு 3,500 ரூபாய் வாங்கினார்கள். நியாயமா?
– ஒரு வாசகர், வேலூர்

ரத்தத்துக்கு விலை கிடையாது. சேகரிப்பு, பரிசோதனை, பாதுகாப்புக்கான கட்டணம் மட்டுமே. தேசிய ரத்தமாற்றுக் கவுன்சில் 2022-இல் வகுத்தபடி சிவப்பணுப் பைக்கு அரசு மையங்களில் 1,100, தனியாரில் 1,550 ரூபாய். நாட் போன்ற கூடுதல் சோதனை செய்திருந்தால் தனிக் கட்டணம் வரும், அது ரசீதில் தனி வரியாக இருக்க வேண்டும். தலசீமியா போல அடிக்கடி ரத்தம் தேவைப்படுகிறவர்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். இனிமேல் பணம் கட்டும்போது பை எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதிகம் வாங்கியிருந்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்க அந்த ரசீதுதான் தேவை.